கொண்டும் கொடுத்தும் வளர்ந்த மொழி

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நாம், அங்கு அலுவலகத்திலும் கடைவீதியிலும் வழங்கும் சொற்கள் சிலவற்றை முன்பே அறிந்தவையாக உணர்கிறோம். வக்கீல், வசூல், பாக்கி, ரத்து, ஜாமீன் முதலியவை தமிழிலும் உண்டு. சிறிது ஒலி மாறி இந்தியிலும் மராத்தியிலும் உண்டு. இவை அரபு மொழியில் பிறந்து, பாரசீகத்தின் வழியாக முகலாயர், நவாபுகள் முதலியோரின் ஆட்சி ஏடுகளில் ஏறி, நம் நாடெங்கும் பரவியவை.

பிறமொழிச் சூழலில் வளரும் நம் பிள்ளைகளின் தமிழ் தேய்ந்துவிடுமோ என்னும் கவலை நம்மிற் பலருக்கு உண்டு. பிற மொழிகளோடு நெருங்கிப் பழகிய ஒரு மொழி என்ன ஆயிற்று என்பதை அரபின் வரலாற்றில் காணலாம்.

அரபின் வளம் அதன் சொல்லாக்க முறையில் அமைந்துள்ளது. பெரும்பாலான சொற்களுக்கு மூன்று மெய்யொலிகளே வேர். உயிரொலிகளை மாற்றியும் ஒட்டுகளைச் சேர்த்தும் ஒரே வேரிலிருந்து பல சொற்களை ஆக்கிக்கொள்ளலாம். எழுதுதலைக் குறிக்கும் வேரிலிருந்து நூலைக் குறிக்கும் ‘கிதாப்’, எழுதுவோனைக் குறிக்கும் ‘காதிப்’, எழுதும் இடத்தைக் குறிக்கும் ‘மக்தப்’ ஆகியவை தோன்றின. நம் உழவர் வீடு கொண்டுவரும் ‘மகசூல்’, அதன்மீது வரி தண்டும் ‘தாசில்’ ஆகிய இரண்டும் ‘கிடைத்தல்’ என்னும் பொருளுடைய ஒரே வேரின் கிளைகளாம்.

இத்துணை வளமுடைய மொழியும் எடுத்த எடுப்பில் ஆட்சிமொழி ஆகிவிடவில்லை. 7ஆம் நூற்றாண்டில் அரபியர் சிரியாவையும் ஈராக்கையும் வென்றபொழுது, அங்கே வரிக்கணக்குகள் முறையே கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் எழுதப்பட்டு வந்தன. வென்றவர்கள் பல்லாண்டுகள் அம்மொழிகளையே கையாண்டனர். 685 முதல் 705 வரை ஆண்ட கலீபா அப்துல் மலிக்கின் காலத்திலேதான் கணக்கேடுகள் அரபுக்கு மாறத் தொடங்கின. இனி, அரபு இலக்கணத்தின் முதற்பெரு நூலை 8ஆம் நூற்றாண்டில் இயற்றிய சீபவைஹி பாரசீக இனத்தவர். அரபைக் கற்றுக்கொண்ட பிறரும் அதனைத் தமதாக்கி வளர்த்தனர் என்பது இதனால் விளங்கும்.

அதே நூற்றாண்டில் இபுனுல் முகஃபா என்னும் மற்றொரு பாரசீகர், நம் பஞ்சதந்திரக் கதைகளை இடைக்காலப் பாரசீகத்திலிருந்து அரபில் பெயர்த்தார். கரடகன், தமனகன் என்னும் நரிகள் அங்கே கலீலா, திம்னா ஆயின. 762இல் கலீபா மன்சூர் பக்தாத் நகரை நிறுவினார். அவருடைய அவைக்கு இந்திய வானநூல் ஒன்று வந்து சேர, அதுவும் அரபாக்கம் பெற்றது. அந்நூற்றாண்டின் இறுதியில் பக்தாதில் காகிதம் செய்யும் தொழிலும் தொடங்கவே, நூல்கள் பெருகின.

மொழிபெயர்ப்பாளருள் தலைசிறந்தவர், 873இல் மறைந்த ஹுனைன் இபுனு இஸ்ஹாக். அவர் கிறித்தவர்; சிரியாக் மொழியிற் பயின்றவர். கிரேக்க மருத்துவ ஆசிரியர் காலெனின் நூல்களைப் பெயர்க்குமுன், கிடைத்த ஏடுகளையெல்லாம் ஒப்புநோக்கித் திருத்தமான மூலத்தை அமைத்துக்கொள்வது அவர் வழக்கம். காலெனின் நூல் ஒன்றைத் தேடி ஈராக், சிரியா, பாலஸ்தீனம், எகிப்து எங்கும் அலைந்தும், தமாஸ்கஸில் ஏறத்தாழப் பாதியே கிடைத்தது என்று அவரே எழுதியுள்ளார்.

இவ்வாறு கொண்ட அரபு, பின்னர்க் கொடுக்கவும் செய்தது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ நகரில் கிரேமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு என்பவர் எழுபதுக்கும் மேற்பட்ட அரபு நூல்களை இலத்தீனில் பெயர்த்தார். அல்குவாரிஸ்மியின் நூற்பெயரிலுள்ள ‘அல்ஜபர்’ என்னும் சொல் ‘அல்ஜீப்ரா’ ஆயிற்று. நம்முடைய ‘சூன்யம்’ அரபில் ‘சிஃபர்’ எனப் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் ‘ஜீரோ’ ஆயிற்று. கணிதத்தில் ‘சைன்’ என்பதன் கதை சுவையானது. வில்லின் நாணைக் குறிக்கும் ‘ஜீவா’ என்னும் வடசொல்லை அரபியர் ஒலிபெயர்த்துக்கொண்டனர். அரபு எழுத்தில் குற்றுயிர்கள் எழுதப்படுவதில்லை ஆதலின், அது ஆடையின் மடிப்பைக் குறிக்கும் ‘ஜைப்’ என்று படிக்கப்பட்டது. இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் அம்மடிப்பையே தம் மொழியில் ‘சைனஸ்’ என்றனர். சொல் பிறழ்ந்தும் பொருள் பிறழாமல் கணிதம் கடல் கடந்தது!

1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்தனர். ஆயினும், அதற்கு முன்பே பிற நாடுகளுக்குப் பரவிய நூல்கள் வாழ்ந்தன. கிரேக்கர் அப்பலோனியஸ் கூம்பு வெட்டுகளைப் பற்றி எழுதிய நூலின் 5, 6, 7ஆம் பகுதிகள் மூலமொழியில் மறைந்துவிட்டன. அரபு மொழிபெயர்ப்பில் மட்டுமே நமக்குக் கிடைக்கின்றன.

நம் அலுவலகங்களில் மூலத்தை ‘அசல்’ என்றும், படியை ‘நகல்’ என்றும் கூறுகிறோம். இரண்டும் அரபுச் சொற்களே. ‘நக்ல்’ என்பதன் முதற்பொருள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்லுதல். மொழிபெயர்ப்பையும் அரபியர் அச்சொல்லால் வழங்கினர். அவ்வாறு எடுத்துச் செல்லப்பட்டது பல வேளைகளில் அசலையே காத்தது.

அரபு பிறரிடமிருந்து கொண்டதனால் குறைந்துவிடவில்லை. ஆனால், கொண்டவற்றைத் தன் எழுத்தில், தன் இலக்கணத்தில் அமைத்துக்கொண்டமையாலேயே அது நிறைந்தது. நம் பிள்ளைகள் வங்காளமும் மராத்தியும் இந்தியும் கற்பதனால் தமிழுக்குத் தீங்கில்லை. கற்றதைத் தமிழில் சொல்லவும் எழுதவும் அவர்களுக்கு இயலாமற் போவதே தீங்கு. ஆதலின், வீட்டில் தமிழெழுத்தைக் கற்பிக்கும் பொறுப்பு நம்முடையது. அது நிறைவேறுமாயின், அவர்கள் கற்கும் ஒவ்வொரு மொழியும் தமிழுக்கு வரவாகும்.