பிரேசில் கூட்டாட்சிக் குடியரசு

தென் அமெரிக்கக் கண்டத்தில் ஏறத்தாழப் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் நாடு பிரேசில். பரப்பளவு சுமார் 85 இலட்சம் சதுர கிலோமீட்டர். 2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை 20.3 கோடி. இந்தியாவைப் போல் இரண்டரை மடங்கு நிலம். மக்களோ இந்திய மக்கள்தொகையில் ஏழில் ஒரு பங்குதான். அவர்களிலும் பெரும்பாலோர் அட்லாண்டிக் கரையை அடுத்தே வாழ்கிறார்கள். அமேசான் காடு விரிந்துகிடக்கும் வட மாநிலங்களில் ஊர்கள் தூரந்தூரமாக இருக்கின்றன. சிலி, எக்வடோர் இரண்டையும் தவிர, கண்டத்தின் மற்றெல்லா நாடுகளும் பிரேசிலின் எல்லையைத் தொடுகின்றன. ஆட்சிமொழி போர்த்துகீசியம். 26 மாநிலங்களும், தலைநகர் பிரேசிலியாவை உள்ளடக்கிய கூட்டாட்சி மாவட்டமும், 5,500க்கும் மேற்பட்ட நகராட்சிகளும் சேர்ந்தது இக்குடியரசு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தனித்தனிக் குடியேற்றங்கள் கூடி ஒரு மைய அரசை உண்டாக்கின. பிரேசிலில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஒரே மையத்திலிருந்து ஆளப்பட்ட பேரரசின் மாகாணங்கள், ஒரே நாளில் ஓர் ஆணையால் மாநிலங்களாயின. மேலிருந்து கொடுத்த அதிகாரம் என்பதால் மேலேயே திரும்பப் பறிக்கப்பட்டதும் உண்டு. அந்நாட்டு அரசியல் வரலாற்றில் பாதி இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

வரலாறு

1500ஆம் ஆண்டு பெத்ரோ அல்வாரிஸ் கப்ராலின் போர்த்துகீசியக் கப்பற்படை இந்தியாவுக்குப் புறப்பட்டு, வழியில் பிரேசில் கரையைத் தொட்டது. அதே படை பின்னர் கோழிக்கோட்டுக்கும் வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களின் காலத்தில் சால்வடோர் (1549) தலைநகரானது. மினாஸ் ஜெராய்ஸில் தங்கம் கிடைத்தபின் 1763இல் ரியோ டி ஜெனிரோவுக்கு அந்த இடம் போனது. நெப்போலியனுக்கு அஞ்சி ஓடிவந்த போர்த்துகல் அரச குடும்பம் 1808இல் ரியோவில் தங்கியது. இதனால் குடியேற்ற நாடே சில ஆண்டுகள் பேரரசின் தலைமையிடமாக விளங்கியது. தந்தையான மன்னர் லிஸ்பனுக்குத் திரும்பிய பிறகு, இளவரசர் பெத்ரோ 1822 செப்டம்பர் 7 அன்று விடுதலையை அறிவித்துத் தாமே பேரரசரானார்.

ஸ்பானிய அமெரிக்கா பல குடியரசுகளாகச் சிதறியபோது பிரேசில் ஒன்றாக நின்றதற்கு இந்த முடியாட்சி ஒரு முக்கியக் காரணம். மாகாணத் தலைவர்களைப் பேரரசரே நியமித்தார். தெற்கே ரியோ கிராந்தி தோ சுல் பகுதியில் 1835 முதல் பத்தாண்டுகள் நீடித்த கிளர்ச்சி உடன்படிக்கையில் முடிந்தது; வடக்கே பாராவில் நடந்த கிளர்ச்சி படைபலத்தால் அடக்கப்பட்டது.

1888 மே 13 அன்று அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. இழப்பீடு கிடைக்காத நிலக்கிழார்கள் அரியணையைக் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டு நவம்பர் 15 அன்று மார்ஷல் தியோதோரோ த பொன்சேகா தலைமையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. புதிய அரசின் முதல் ஆணையே நாட்டைக் கூட்டாட்சிக் குடியரசு என்றது. தெருவில் மக்கள் திரண்டு கேட்டு வாங்கிய குடியரசு அல்ல இது.

1891ஆம் ஆண்டின் அரசமைப்பு மாநிலங்களுக்கு ஏராளமாகக் கொடுத்தது. ஏற்றுமதி வரி அவற்றுக்குப் போனது. காப்பி விளைந்த சாவோ பாவுலோ அந்த வரியில் கொழித்தது. தனக்கென்று சிறு இராணுவம் போன்ற காவற்படையையும் வைத்துக்கொண்டது. அதுவும் மினாஸ் ஜெராய்ஸும் பேசிவைத்துக்கொண்டு குடியரசுத் தலைவர் பதவியைப் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்கு இல்லை. கிராமங்களில் 'கொரோனெல்' எனப்பட்ட நிலப்பிரபு சொன்னவருக்கே ஓட்டு விழுந்தது.

1930இல் கெதூலியோ வர்காஸ் இந்த ஏற்பாட்டை உடைத்தார். மாநிலங்களுக்கு அவருடைய ஆட்களே ஆட்சியாளர்களாக அனுப்பப்பட்டார்கள். 1932இல் சாவோ பாவுலோ ஆயுதமேந்தி எதிர்த்துத் தோற்றது. 1937இல் சர்வாதிகாரத்தை அறிவித்த வர்காஸ், ரியோவில் விழா எடுத்து மாநிலக் கொடிகளை எரித்தார். கூட்டாட்சியின் மேல் இவ்வளவு வெளிப்படையாக வெறுப்புக் காட்டிய சடங்கு வேறெங்கும் நடந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் தொழிலாளருக்குச் சட்டப் பாதுகாப்பு தந்தவரும் அவர்தான். 1943ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பல திருத்தங்களோடு, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தேர்தல் வழியே மீண்டும் பதவிக்கு வந்த வர்காஸ், 1954 ஆகஸ்டில் இராணுவம் பதவி விலகச் சொல்லி நெருக்கியபோது மாளிகையிலேயே தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார்.

1946இல் திரும்பிய மக்களாட்சி 1964இல் இராணுவப் புரட்சியால் முடிந்தது. இடையில், 1960 ஏப்ரல் 21 அன்று, ஜுசெலினோ குபிட்செக் புதிய தலைநகரை உள்நாட்டுப் பீடபூமியில் திறந்துவைத்தார். நகரின் வரைபடம் லூசியோ கோஸ்டாவுடையது. கட்டடங்கள் ஆஸ்கர் நீமேயர் வடிவமைத்தவை. இராணுவ ஆட்சி 21 ஆண்டுகள் நீடித்தது. அதில் பெரும்பகுதிக் காலம் மாநில ஆளுநர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களிடம் இல்லை; அது 1982இல்தான் மீண்டது. குடியரசுத் தலைவருக்கும் நேரடித் தேர்தல் வேண்டி 1984இல் நகரங்களில் இலட்சக்கணக்கானோர் திரண்டார்கள். மறு ஆண்டு இராணுவம் பாசறைக்குத் திரும்பியது.

1988 அரசமைப்பு

1988 அக்டோபர் 5 அன்று நடைமுறைக்கு வந்த இப்போதைய அரசமைப்பு மிக நீளமானது. இராணுவ ஆட்சியில் பட்டவர்கள், அடுத்து வருவோரை நம்பாமல் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட முயன்றதன் விளைவு அது. மருத்துவ உரிமையும் ஓய்வூதிய விதிகளும் அதில் உண்டு. ரியோவிலுள்ள இரண்டாம் பெத்ரோ பள்ளி மைய அரசின் கீழேயே இருக்கும் என்பதுகூட உண்டு. இப்படி எழுதியதால் சிறு கொள்கை மாற்றத்துக்கும் அரசமைப்புத் திருத்தம் தேவைப்படுகிறது. திருத்தங்கள் 130ஐத் தாண்டிவிட்டன. ஆனால் கூட்டாட்சி முறையை ஒழிக்கும் திருத்தத்தை விவாதத்துக்கே எடுக்கக் கூடாது என்று தடை இருக்கிறது. வர்காஸ் காலத்தின் நினைவு அந்த வரியில் இருக்கிறது எனலாம்.

இந்த அரசமைப்பின் தனித்தன்மை நகராட்சிகளுக்குக் கொடுத்த இடம். இந்தியாவில் உள்ளாட்சி மாநிலச் சட்டத்தால் இயங்குவது. பிரேசிலிலோ நகராட்சி, மாநிலத்தைப் போலவே கூட்டாட்சியின் ஓர் உறுப்பு. கிராமப்புறமும் ஏதாவதொரு நகராட்சிக்குள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மேயரும் மன்றமும் தனி வரிகளும் உண்டு. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் சாவோ பாவுலோ மாநகரும், 2022 கணக்கெடுப்பில் 833 பேர் மட்டுமே இருந்த மினாஸ் ஜெராய்ஸின் செர்ரா த சவுதாதியும் அரசமைப்பின் கண்ணில் சமம். 1988க்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நகராட்சிகள் முளைத்தன. மைய அரசு பகிர்ந்தளிக்கும் நிதி சிற்றூர்களுக்குத் தலைக்கு அதிகமாகக் கிடைத்தது. பிரிந்தால் இலாபம் என்றால் யார்தான் பிரியமாட்டார்கள்? 1996ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்குக் கடிவாளம் போட்டது.

மாநிலங்களின் கதையும் பணத்தைச் சுற்றியதே. சரக்குப் புழக்கத்தின் மீதான வரி மாநிலங்களின் முதன்மை வருவாய். தொழிற்சாலைகளை இழுக்க ஒவ்வொரு மாநிலமும் அந்த வரியைப் போட்டிபோட்டுத் தள்ளுபடி செய்தது. 'வரிப்போர்' என்றே பத்திரிகைகள் இதை எழுதின. மாநில அரசுகள் தங்கள் சொந்த வங்கிகளிலேயே கடன் வாங்கித் தள்ளாடியபோது, 1997இல் மைய அரசு அந்தக் கடன்களை ஏற்று, பதிலுக்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. 2000ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டம் அவற்றை இறுக்கியது. பல வரிகளை ஒன்றாக்கி, பொருள் நுகரப்படும் இடத்துக்கே வருவாயைத் தரும் சீர்திருத்தம் 2023 டிசம்பரில் நிறைவேறியது. இந்தியா ஜிஎஸ்டியை ஒரே நள்ளிரவில் தொடங்கியது. பிரேசில் 2026 முதல் 2033 வரை படிப்படியாக மாறத் திட்டமிட்டிருக்கிறது.

நாடாளுமன்றமும் குடியரசுத் தலைவரும்

குடியரசுத் தலைவரே அரசின் தலைவரும். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். தொடர்ந்து ஒருமுறை மீண்டும் போட்டியிடலாம். முதற்சுற்றில் பாதிக்கு மேல் யாரும் பெறாவிட்டால் முதலிருவருக்குள் இரண்டாம் சுற்று. மாநில ஆளுநர்களும் இதே முறையில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பிரேசில் ஆளுநரின் அதிகாரம் நம் ஊர் முதலமைச்சருடையதைப் போன்றது. இந்திய ஆளுநர் பதவியோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

செனட்டில் மாநிலத்துக்கு மூவர், கூட்டாட்சி மாவட்டத்துக்கு மூவர் என 81 பேர்; பதவிக்காலம் எட்டு ஆண்டுகள். கீழவையில் 513 பேர். இங்கே ஒரு மாநிலத்துக்குக் குறைந்தது 8, அதிகபட்சம் 70 இடங்கள் என்பது விதி. இதனால் 4.4 கோடி மக்கள் வாழும் சாவோ பாவுலோவில் ஏறத்தாழ 6.3 இலட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர்; வடகோடி மாநிலமான ரொரைமாவில் 80 ஆயிரம் பேருக்கே ஓர் உறுப்பினர். புதிய மக்கள்தொகைப்படி இடங்களைப் பிரித்தால் ரியோ டி ஜெனிரோ உள்ளிட்ட சில மாநிலங்கள் இழக்க நேரும். யாரும் இழக்காதபடி இடங்களை 531 ஆக்கும் மசோதாவை 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்ற, குடியரசுத் தலைவர் லூலா அதைத் தடுத்தார். தொகுதி மறுவரையறைப் பேச்சைக் கேட்டுப் பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த அச்சம் புதிதாக இராது.

கீழவைத் தேர்தலில் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. விகிதாசார முறை. வாக்காளர் கட்சிக்கோ, தனி வேட்பாளருக்கோ வாக்களிக்கலாம். இதன் பலன் கட்சிகளின் பெருக்கம். 2018இல் 30 கட்சிகள் அவைக்குள் நுழைந்தன. அவற்றில் பெரியதற்கே பத்தில் ஒரு பங்கு இடங்கள்தான் கிடைத்தன. எனவே யார் குடியரசுத் தலைவரானாலும் அமைச்சர் பதவிகளைப் பங்கிட்டுக் கூட்டணி கட்டியாக வேண்டும். கொள்கை எதுவாயினும் ஆளுங்கட்சிப் பக்கம் சாயும் நடுவணிக் கட்சிகளின் கூட்டத்தை 'சென்ட்ராவ்' என்பார்கள். எந்தத் தேர்தலிலும் தோற்காத அணி இதுதான் எனலாம். உறுப்பினர்கள் தங்கள் பகுதிக்கென்று வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்கும் ஒதுக்கீடுகளை அரசு கட்டாயம் விடுவிக்க வேண்டும் என்று 2015இல் திருத்தம் வந்தது. அதன்பின் கூட்டணி கட்டக் குடியரசுத் தலைவர் கையில் இருந்த சலுகைகள் குறைந்தன. யார் கேட்டது என்றே தெரியாத ஒதுக்கீடுகளை 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

கூட்டணி கலைந்தால் பதவியும் நிலைக்காது. பெர்னாண்டோ கோலோர் 1992இலும் தில்மா ரூசெஃப் 2016இலும் பதவிநீக்க நடவடிக்கையால் வெளியேறினார்கள். முதலாமவர் மீது ஊழல் குற்றச்சாட்டு. இரண்டாமவர் மீது சொன்னதோ அரசுக் கணக்கு வழக்கில் விதிமீறல். அது பதவியைப் பறிக்கும் அளவுக்குக் குற்றமா என்று இன்றும் வாதிடுகிறார்கள்.

தேர்தலும் நீதிமன்றமும்

18 முதல் 70 வயதுவரை வாக்களிப்பது கட்டாயம். 16, 17 வயதினருக்கும் முதியவருக்கும் எழுத்தறியாதவருக்கும் அது விருப்பம். எழுத்தறியாதவர்களுக்கு வாக்குரிமை திரும்பியதே 1985இல்தான். 1996இல் அறிமுகமான மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் 2000இலிருந்து நாடு முழுவதும் பயன்படுகிறது. வேட்பாளரின் எண்ணை அழுத்தினால் படம் தெரியும். விவிபேட் போன்ற காகிதச் சீட்டு கிடையாது. தேர்தலை நடத்துவது தனி நீதிமன்ற அமைப்பு. முடிவு பெரும்பாலும் அன்றிரவே வந்துவிடும். 2022 இரண்டாம் சுற்றில் லூலா 50.9 விழுக்காடு பெற்று, அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஜெயிர் போல்சொனாரோவை வென்றார். தோல்வியை ஏற்காத ஆதரவாளர்கள் 2023 ஜனவரி 8 அன்று நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் குடியரசுத் தலைவர் மாளிகையையும் சூறையாடினார்கள். ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்காகப் போல்சொனாரோவுக்கு 2025 செப்டம்பரில் 27 ஆண்டு 3 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

உச்ச நீதிமன்றத்தில் 11 நீதிபதிகள். குடியரசுத் தலைவர் நியமிக்க, செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓய்வு வயது 75. அமர்வுகள் தொலைக்காட்சியில் நேரலையாக வருவதால் நீதிபதிகளின் பெயர்கள் பொதுமக்களுக்கு நன்றாகத் தெரியும். அரசியல்வாதிகள் தீர்க்காத சிக்கல்களெல்லாம் அங்கே போய்ச் சேர்கின்றன. நீதிமன்றம் எல்லை மீறுகிறது என்ற குறைக்கும் அதுவே வித்து.

சமூகம்

ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளில் வேறெந்த நாட்டையும்விட அதிகமானோர், சுமார் 50 இலட்சம் பேர், பிரேசிலில் இறக்கப்பட்டார்கள். அமெரிக்கக் கண்டங்களில் அடிமைமுறையைக் கடைசியாக ஒழித்த நாடும் அதுவே. விடுதலை பெற்றவர்களுக்கு நிலமோ பள்ளியோ தரப்படவில்லை. மாறாக, காப்பித் தோட்டங்களுக்கு இத்தாலியர்கள் வரவழைக்கப்பட்டார்கள். 1908 முதல் ஜப்பானியர்களும் வந்தார்கள். சட்டத்தில் நிறப்பாகுபாடு இல்லாததைக் காட்டி, 'எங்கள் நாட்டில் இனவெறி இல்லை' என்று பிரேசில் நெடுங்காலம் சொல்லிக்கொண்டது. குன்றுகளில் ஏறிநிற்கும் ஃபவேலா குடியிருப்புகளும் சிறைகளும் வேறு கணக்கைச் சொல்லின. 2022இல் 45.3 விழுக்காட்டினர் தம்மைக் கலப்பு நிறத்தவர் என்றும், 43.5 விழுக்காட்டினர் வெள்ளையர் என்றும், 10.2 விழுக்காட்டினர் கறுப்பர் என்றும் பதிவுசெய்தார்கள். மைய அரசுப் பல்கலைக்கழகங்களில் பாதி இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கி, அதற்குள் நிற அடிப்படையிலும் பங்கு தரும் சட்டம் 2012இல் வந்தது.

1994இல் ரெயால் நாணயம் வந்து, பல ஆண்டுகள் ஆட்டிவைத்த விலையேற்றத்தை அடக்கியது. குழந்தைகள் பள்ளிக்குப் போக வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏழைக் குடும்பங்களுக்கு, பெரும்பாலும் தாயின் பெயரில், பணம் தரும் 'போல்சா பமிலியா' 2003இல் தொடங்கியது. அனைவருக்கும் இலவச மருத்துவம் தரும் பொதுநல அமைப்பு 1988 அரசமைப்பின் குழந்தை. காத்திருப்பு நீளம் என்ற குறை உண்டு. ஆயினும் தடுப்பூசி முதல் உறுப்பு மாற்று வரை ஏழைகளுக்கு அதுவே துணை. காவல்துறை மாநிலங்களின் கையில் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் போலீசாரால் ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கறுப்பு, கலப்பு நிற இளைஞர்கள்.

கத்தோலிக்கர்கள் 56.7 விழுக்காடாகக் குறைய, நற்செய்திச் சபைகள் 26.9 விழுக்காட்டை எட்டியுள்ளன. ஆப்பிரிக்க மரபிலிருந்து வந்த காந்தோம்பிளே, உம்பாண்டா வழிபாடுகளும் தொடர்கின்றன.

சோயா, காப்பி, இரும்புத்தாது, கச்சா எண்ணெய் ஆகியவை ஏற்றுமதியின் தூண்கள். எம்பிரேயர் விமானங்களும் இங்கே தயாராகின்றன. மாடுகளின் எண்ணிக்கை மக்களைவிட அதிகம்; அவற்றில் பெரும்பான்மை அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர், ஓங்கோல் பகுதியிலிருந்து போன இனத்தின் வழிவந்தவை. பண்டமாற்றுப் போல முந்திரி அங்கிருந்து போர்த்துகீசியர் வழியே இங்கே வந்தது. மேய்ச்சல் நிலத்தின் பெருக்கமே அமேசான் காடழிப்பின் முதற்காரணம்.

பழங்குடியினர் சுமார் 17 இலட்சம் பேர். அவர்கள் பரம்பரையாக வாழும் நிலங்களை வரையறுத்துக் காக்கும் கடமையை அரசமைப்பு மைய அரசுக்குத் தந்திருக்கிறது. அந்நிலங்கள் நாட்டின் பரப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல். 1988 அக்டோபர் 5 அன்று அவர்கள் கைவசம் இருந்த நிலத்துக்கு மட்டுமே உரிமை உண்டு என்ற வாதத்தை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. பண்ணையார்களின் ஆதரவு பெற்ற உறுப்பினர்கள் அதே வாதத்தைச் சில மாதங்களில் சட்டமாக்கினார்கள். லூலா தடுத்த பகுதிகளில் பெரும்பாலானவற்றையும் டிசம்பரில் நாடாளுமன்றம் வாக்கெடுப்பில் மீட்டது. வழக்கு மீண்டும் அதே நீதிமன்றத்துக்குப் போனது.