சதுரங்கப்பட்டினத்துத் தறிவீடுகள்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்துச் சதுரங்கப்பட்டினத்தில் 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் பண்டகசாலை அமைத்ததற்குப் பிரதான காரணம், அவ்வட்டாரத்து நெசவாளர் நெய்த மெல்லிய பருத்தித் துணியே. டச்சுக்காரர் விட்டுச்சென்ற கோட்டையைக் காட்டிலும் அத்துணி பிறந்த வீட்டின் சரித்திரமே எனக்கு அருமையானது.

குழித்தறி வீட்டில் தொழிற்கூடம் வேறு, இல்லம் வேறு என்ற பேதமில்லை: கணவன் குழியில் காலை இறக்கி மிதியை மாற்றி மாற்றி அழுத்தி, பாவிழைகள் மேலும் கீழுமாகப் பிரியும் கணத்தில் நாடாவை ஓட்ட, மனைவி அடுப்பில் உலை வைத்துவிட்டு ராட்டையருகே அமர்ந்து தார் சுற்றுவாள், அவள் கை ஓய்ந்தால் அவன் தறியும் ஓயும். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி தோய்க்க, வெயில் ஏறுமுன் குடும்பமே கூடும். இழையின் இழுப்பை விரல் நுனியால் அறிந்த அப்பெண்ணை வெறும் உதவியாள் என்பது அநீதி.

1824-ஆம் வருஷத்து ஆங்கிலேய-டச்சு உடன்படிக்கைக்குப் பின் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. லங்காஷயர் ஆலைத்துணி தமிழ்நாட்டுத் தறிகளை நலிவித்தது.

பிற்காலத்தில் இவ்வட்டாரத்துக்கு வேறொரு தொழில் வந்தது: பக்கத்துக் கல்பாக்கத்தில் 1983-இல் அணுமின் நிலையத்தின் முதல் உலையும், 1985-இல் திரவ சோடியத்தால் குளிரூட்டப்படும் சோதனை உலையும் இயங்கத் தொடங்கின. அங்குள்ள குடியிருப்பில் கணவன் மனைவி இருவருமே விஞ்ஞானிகளாயுள்ள குடும்பங்கள் உண்டு. ஆயினும் காவல் வாயிலுக்கு அப்பால் நடக்கும் அத்தொழிலைத் தறியைப்போல் வீட்டுக்குக் கொணர இயலாது.