பூசியவருக்கும் சுவரில் பங்கு

சூரிச் நகரின் ஓரத்தில் புதிதாக எழும்பிய குடியிருப்பில் ஈழத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் ஃபிளாட் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுமான நிறுவனத்துக்குக் கடைசித் தவணை வரை கொடுத்தாயிற்று. சாவி வாங்கி, பால் காய்ச்சி, திரைச்சீலை மாட்டி முடித்த சில வாரங்களில் நீதிமன்றத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது. அவர்கள் பெயர்கூடக் கேட்டிராத ஒரு பூச்சு வேலை ஒப்பந்தக்காரர், தமக்கு வரவேண்டிய பாக்கிக்காக அந்த வீட்டின்மீது அடமான உரிமை பதியக் கோரியிருக்கிறார். அவருக்கு வேலை கொடுத்த நிறுவனம் நொடித்துப்போய்விட்டது. வாங்கியவர் தம் பங்கை முழுதாகக் கொடுத்துவிட்டார் என்பது இங்கே எடுபடாது. பூசியவரின் பாக்கிக்கு அந்தச் சுவரே பிணை.

சுவிஸ் வழக்கறிஞர்கள் இதை இரட்டைக் கட்டண ஆபத்து என்பார்கள். வீடு வாங்குகிறவர்களை அவர்கள் முதலில் எச்சரிப்பதும் இதைப் பற்றித்தான். வாங்குகிறவருக்கு இது அநியாயமாகவே படும். ஆனால் இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், அந்த நாட்டில் வீடு கட்டியவர்களுக்கும் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கும் இடையே நூற்றாண்டுக்கு மேல் நடந்த கணக்குத் தீர்ப்பின் வரலாறு கிடைக்கிறது.

பழைய ஊர்களில் இந்தக் கணக்குக்குச் சட்டம் தேவைப்படவில்லை. பெர்ன் மேட்டுநிலத்தின் மரவீடுகளில், முகப்பு உத்திரத்தில் வீடு எழும்பிய ஆண்டோடு கட்டிய தம்பதியின் பெயரும் தச்சரின் பெயரும் சேர்த்தே செதுக்கப்பட்டிருக்கும். கூரைச் சட்டகம் ஏறியதும் உச்சியில் அலங்கரித்த சிறு மரம் ஒன்றை நட்டு, வேலை செய்த எல்லோருக்கும் வீட்டுக்காரர் விருந்து வைப்பார். ‘ஆஃப்ரிஷ்டெ’ எனப்படும் அந்த விருந்து இன்றும் நடக்கிறது. நிலை வைக்கும் நாளில் தச்சருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு அது புதிதாகத் தெரியாது. தச்சர் யார் என்று ஊருக்கே தெரிந்திருந்த காலம் அது. பாக்கி வைத்தவர் மறுவாரம் அவரைத் தேவாலயத்தில் பார்த்தே ஆகவேண்டும்.

நகரம் வளர்ந்தபோது இந்த முகப்பழக்கம் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் சூரிச், பாசல் போன்ற நகரங்களில் வாடகைக் குடியிருப்புகள் வேகமாக எழுந்தன. கையில் காசில்லாதவர்கள் கடனுக்கு மனை வாங்கி, மனையை வங்கியில் அடகு வைத்து, கொத்தனாரையும் தச்சரையும் கண்ணாடிக்காரரையும் கடனுக்கே வேலை வாங்கிக் கட்டிடம் எழுப்பினார்கள். இடையில் அவர்கள் நொடித்துப்போனால் வங்கிக்கு வீடு போயிற்று. வெறும் மனையாக இருந்ததை விலைபோகும் வீடாக்கிய கைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கைவினைஞர் சங்கங்கள் இதை எதிர்த்துக் குரல் எழுப்பின. கட்டிடத்தின் மதிப்பை உயர்த்தியவருக்கு அந்த மதிப்பில் முதல் பங்கு வேண்டும் என்பதே அவர்களின் வாதம்.

அந்த வாதத்தைச் சட்டமாக்கியவர் ஓய்கன் ஹூபர். சூரிச் மாநிலத்துச் சிற்றூரான ஸ்டாம்ஹைமில் 1849இல் பிறந்து, பெர்னில் சட்டப் பேராசிரியரானவர். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட உரிமைச் சட்டங்களை ஒன்றாக்கி அவர் வரைந்த சுவிஸ் குடிமைச் சட்டம் 1907இல் நிறைவேறி, 1912 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. துருக்கி 1926இல் இதையே தன் சட்டமாக எடுத்துக்கொண்டது. இதன் 837ஆம் பிரிவு, ஒரு கட்டிடத்துக்குப் பொருளும் உழைப்பும், அல்லது உழைப்பு மட்டுமே கொடுத்த கைவினைஞரும் ஒப்பந்தக்காரரும் அந்த நிலத்தின்மீது அடமானம் பதியலாம் என்றது. இந்த உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கச் சொல்லி எழுதி வாங்கினால் அது செல்லாது. வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும் என்றிருந்த கெடு 2012 முதல் நான்கு மாதமாயிற்று.

அதே சட்டம் இன்னொன்றும் செய்தது. ஒரு கட்டிடத்தின் ஒரு மாடியை மட்டும் தனிச் சொத்தாக வைத்திருப்பதை அது தடுத்துவிட்டது. வாலே போன்ற மாநிலங்களில் மாடி ஒருவருக்கு, கீழ்த்தளம் இன்னொருவருக்கு என்று வீடுகள் பிரிந்திருந்தது பழைய வழக்கம். படிக்கட்டும் கூரையும் யாருடையது என்ற தகராறு ஓயாததால் அவற்றுக்குச் சண்டை வீடுகள் என்றே பெயர். புதிய சட்டம் அந்தச் சண்டைக்கு முடிவு கட்ட, புதிதாக அப்படிப் பிரிப்பதையே நிறுத்தியது. ஆகவே 1912க்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு சுவிட்சர்லாந்தில் ஃபிளாட் வாங்க முடியவில்லை. ஜெனீவாவில் ஒரு சுற்றுவழி கண்டார்கள்: கட்டிடம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம், அதில் பங்கு வாங்கியவருக்கு ஒரு வீட்டில் குடியிருக்கும் உரிமை.

சுவர் தமக்குச் சொந்தமில்லாத மக்களுக்கு வீடு என்பது உள்ளே கொண்டுவந்த சாமான்தான். கிராமத்தில் மணப்பெண்ணின் கட்டில், பெட்டி, அலமாரி எல்லாவற்றையும் வண்டியில் அடுக்கி ஊரறியப் புகுந்த வீட்டுக்கு ஓட்டிப்போவார்கள். நம் சீர்வரிசைக்கு நேர் உறவு அந்த மணமகள் வண்டி. அந்தக் கனத்த அலமாரி, நகரத்தின் இரண்டறை வீட்டுக்குள் நுழைந்தால் ஆள் நடக்க இடமிருக்காது.

1920களில் ஒரு தலைமுறைக் கட்டிடக் கலைஞர்கள் இதைத் தம் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள். 1927இல் ஸ்டுட்கார்ட் வைசன்ஹோஃப் கண்காட்சியில், மீஸ் வான் டெர் ரோ கட்டிய குடியிருப்பின் சில வீடுகளை மாக்ஸ் எர்ன்ஸ்ட் ஹேஃபெலி தலைமையிலான சுவிஸ் குழு உள்ளலங்காரம் செய்து காட்டியது. அதே ஹேஃபெலியும் வெர்னர் மோசர், எமில் ரோத், ஹான்ஸ் ஷ்மிட் உள்ளிட்ட தோழர்களும் 1930 முதல் 1932 வரை சூரிச் வோலிஸ்ஹோஃபனில் நொய்பூல் என்ற கூட்டுறவுக் குடியிருப்பைக் கட்டினார்கள். ஏறக்குறைய 200 வீடுகள். வெயில் நிறைய விழும்படி சரிவில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டவை. இந்த வீடுகளுக்குள் பொருந்தும் சாமானுக்காகவே சீக்ஃபிரீட் கீடியான், மோசர், ருடால்ஃப் கிராபர் ஆகியோர் 1931இல் ‘வோன்பெடார்ஃப்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வீட்டுத் தேவை என்பதுதான் அதன் பெயரே. எஃகுக் குழாயில் வளைத்த நாற்காலி, ஒரே ஆள் நகர்த்தும் மேசை, அளவு மாற்றி அடுக்கும் அலமாரி. ஃபின்லாந்தின் அல்வர் ஆல்ட்டோ முதல் மாக்ஸ் பில் வரை பலர் வடிவமைத்தார்கள். 1933இல் டால்ஸ்ட்ராசேயில் திறந்த அதன் கடையை உருவாக்கியவர் மார்செல் பிராயர்.

சமையலறை வேறு வழியில் போனது. மார்கரேட்டே ஷுட்டே-லிகோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை அடுப்பையும் தொட்டியையும் அலமாரியையும் சுவரோடு சேர்த்துப் பொருத்திக் காட்டியிருந்தது. ஜெர்மனியில் இன்றும் வாடகைக்குப் போகிறவர் பல இடங்களில் சமையலறையைத் தாமே கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும். சுவிட்சர்லாந்திலோ அது வீட்டோடு வரும். அதற்கென்று ஒரு நாட்டளவும் உருவாயிற்று: அண்டை நாடுகளில் 60 சென்டிமீட்டர் அகலமான அடுப்பும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் இங்கே 55. பழைய சமையலறையைப் புதுப்பிக்கிறவர்கள் எல்லையைத் தாண்டி மலிவாக ஒரு அடுப்பு வாங்கி வந்தால் அது இடுக்கில் நுழையாது. இன்றும் சூக் நகரின் வி-சூக் போன்ற நிறுவனங்கள் இரண்டு அளவிலும் தயாரிக்கின்றன.

சுவரோடு பொருத்தியதற்கும் தூக்கிவைத்த சாமானுக்கும் உள்ள இந்த வேறுபாடு சட்டத்தின் கண்ணிலும் இருக்கிறது. கட்டிடத்துக்கென அளந்து செய்து பொருத்திய சமையலறைக்கு 837ஆம் பிரிவு பொருந்தும். செய்தவர் பாக்கிக்காக வீட்டில் அடமானம் பதியலாம். கடையிலிருந்து வந்து நிற்கும் அலமாரிக்கு அது பொருந்தாது. ஸ்காண்டிநேவியாவுக்கு வெளியே தன் முதல் கடையை இக்கேயா 1973இல் திறந்தது சூரிச்சுக்குப் பக்கத்து ஸ்ப்ரைட்டன்பாஹில்தான். அங்கே வாங்கிய அலமாரியைப் பொருத்தியவர், பெரும்பாலும் வாங்கியவரேதான்.

ஃபிளாட் வாங்குவதற்கு இருந்த தடை 1965 ஜனவரி 1 அன்று நீங்கியது. புதிய விதிப்படி, கட்டிடம் எல்லோருக்கும் பொது. ஆனால் ஒரு பகுதியைத் தனியாகப் பயன்படுத்தவும் அதன் உட்புறத்தைத் தம் விருப்பப்படி அமைக்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை. தரை, சமையலறை, பாரம் தாங்காத நடுச்சுவர் எல்லாம் அவரவர் பாடு. தாங்கும் சுவர், கூரை, முகப்பு ஆகியவற்றில் கைவைக்கக் கூடாது. பிரிக்கப்படாத நிலப் பங்கோடு சென்னையில் ஃபிளாட் வாங்கியவர்களுக்கு இந்த ஏற்பாடு விளங்கும். அப்படியும் இன்று சுவிட்சர்லாந்தில் சொந்த வீட்டில் இருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுவார்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் வாடகைக்காரர்கள். அவர்கள் வீட்டில் எதை மாற்றுவதானாலும் உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்று 1990இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் சொல்கிறது.

அதே 1965, ஆகஸ்ட் 30. வாலே மாநிலத்தின் மட்மார்க் அணைக்கட்டில் பனியாறு சரிந்து தொழிலாளர் குடிசைகள்மீது விழுந்தது. 88 பேர் இறந்தார்கள். 56 பேர் இத்தாலியர். குற்றம் சாட்டப்பட்ட 17 பேரையும் 1972இல் நீதிமன்றம் விடுவித்தது. மேல்முறையீடு தோற்றபோது செலவில் பாதியை இறந்தவர்களின் குடும்பங்களே கட்ட வேண்டியிருந்தது.

அந்தப் பத்தாண்டுகளில் சுவிஸ் வீடுகளைக் கட்டியவர்களும் இவர்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்தான். 1948இல் இத்தாலியோடு செய்த உடன்படிக்கையின்படி ஆள் வந்தது. பிறகு ஸ்பெயின், போர்ச்சுகல், யூகோஸ்லாவியாவிலிருந்தும் வந்தது. கட்டிட வேலைக்கு வந்தவர்களில் பலருக்கு ஒன்பது மாதப் பருவகால அனுமதிதான். குளிர்காலத்தில் ஊர் திரும்ப வேண்டும், குடும்பத்தைக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தவர்கள் பிள்ளைகளை அறைக்குள்ளேயே ஒளித்து வளர்த்தார்கள். சத்தம் போடாதே, சன்னல் பக்கம் போகாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட ‘அலமாரிப் பிள்ளைகள்’ ஆயிரக்கணக்கானோர் இன்று நடுவயதைக் கடந்திருக்கிறார்கள். அப்பா பகலில் கட்டியது அடுத்தவர் பிள்ளைகள் ஓடியாடும் வீடு. 1970 ஜூன் 7 அன்று, வெளிநாட்டவர் எண்ணிக்கையைக் குறைக்கக் கோரிய ஷ்வார்ட்சன்பாஹ் வாக்கெடுப்பு 54 சதவீத எதிர்வாக்கில் தோற்றது. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்களுக்கு நாட்டளவில் வாக்குரிமை 1971இல்தான் வந்தது. பருவகால அனுமதி ஒழிந்தது 2002இல்.

837ஆம் பிரிவு இவர்களுக்கு உதவவில்லை. அந்த உரிமை ஒப்பந்தம் எடுத்தவருக்கு; அவரிடம் சம்பளத்துக்கு நிற்கும் ஆளுக்கு இல்லை. பூச்சு ஒப்பந்தக்காரர் சுவரைப் பிணையாக வைக்கலாம், கரண்டி பிடித்தவர் வைக்க முடியாது.

அவர்களுடைய உடம்பில் அந்த வீடுகள் வேறு கணக்கு எழுதியிருந்தன. கிளாருஸ் மாநிலத்து நீடர்உர்னனில் எட்டர்னிட் ஆலை இருந்த நாட்டில், தரை விரிப்பிலிருந்து டைல்ஸ் பசை வரை கல்நார் கலந்திருந்தது. 1990இல் தடை வந்தது. அதற்கு முந்திய குளியலறையை உடைக்குமுன் கல்நார் சோதனை செய்ய வேண்டும் என்பது இப்போது விதி. ஆனால் நார் உள்ளே போய் நோயாக வெளிப்பட முப்பது நாற்பது ஆண்டு ஆகும். நட்டஈடு கேட்கும் கெடுவோ பத்தே ஆண்டு. நோய் தெரியும் முன்பே உரிமை காலாவதியாகும் இந்த நிலையை 2014இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கண்டித்தது. 2020 முதல் கெடு இருபது ஆண்டு. நாற்பதாவது ஆண்டில் மூச்சு முட்டுகிறவருக்கு அதுவும் எட்டாது.

கூலிக்காரர்கள் தங்கள் உரிமையைத் தெருவில் இறங்கித்தான் பெற்றார்கள். 2002 நவம்பர் 4 அன்று சுமார் 15,000 கட்டிடத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; ஒரு பகுதியினர் பாரெக் சுரங்கப் பாதையில் போக்குவரத்தை மறித்தார்கள். மறு ஆண்டு ஜூலை முதல், கட்டுமானத் தொழிலில் 60 வயதில் ஓய்வு பெறும் ஏற்பாடு வந்தது. 2013 ஜூலையில் இன்னொரு பெரிய மாற்றம்: உள் ஒப்பந்தக்காரர் குறைந்தபட்சக் கூலி கொடுக்கவில்லையென்றால், அவர் ஒழுங்காகக் கொடுக்கிறாரா என்று முன்பே பார்த்துக்கொள்ளாத முதல் ஒப்பந்தக்காரர் பொறுப்பேற்க வேண்டும். அடித்தளம் போடுகிறவர்களோடு பெயின்டர், டைல்ஸ் போடுகிறவர், பூச்சு வேலைக்காரர் எல்லோரும் இதில் அடங்குவார்கள். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்று இந்தியாவின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970லேயே எழுதிவைத்திருந்தது. சுவிட்சர்லாந்து இந்த இடத்தில் பிந்தித்தான் வந்தது. ஆனால் எழுதியதை நடத்திக்காட்ட அங்கே கட்டுமானத் தளத்துக்கே போய்ப் பார்க்கும் ஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன.

வீடு வாங்குகிறவரின் பக்கமும் மெல்ல நகர்ந்திருக்கிறது. கட்டிடக் குறைக்கு ஐந்து ஆண்டுப் பொறுப்பு என்பது பழைய விதி. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டமும் அதே ஐந்தைத்தான் வைத்தது. ஆனால் குறையைக் கண்ட உடனே தெரிவிக்காவிட்டால் உரிமை போய்விடும் என்ற சுவிஸ் நிபந்தனையில் பலர் ஏமாந்தார்கள். 2026 ஜனவரி 1 முதல் அதற்கு 60 நாள் அவகாசம் உண்டு. பூச்சில் விரிசல் விட்டால் கட்டணமின்றிச் சரிசெய்து தரக் கேட்கும் உரிமையை, குடியிருக்கப் புது வீடு வாங்குகிறவரிடமிருந்து ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துப் பறித்துவிடவும் இனி இயலாது.

1912இன் ஒரு கோடு மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. முதலாளி முறிந்துபோனால், சம்பளத்துக்கு நின்ற கொத்தனாருக்கு வேலையிழப்புக் காப்பீடு அதிகபட்சம் கடைசி நான்கு மாதக் கூலியைத் தரும். அதற்கு முந்திய பாக்கிக்கு அவர் திவால் வரிசையில் நிற்க வேண்டும். நிலப் பதிவேட்டில் தம் பெயரை எழுதக் கேட்கும் உரிமை அவருக்கு இன்றுவரை இல்லை.