ஹீரோ எப்போது நல்லவனானான்?

ஹாஸ்டலில் நாளிதழ் அட்டை போட்ட மில்ஸ் அண்ட் பூன் ஒன்று ரூம் ரூமாகச் சுற்றும். நானும் கிண்டலடித்துக்கொண்டே படித்தேன். இந்த நாவல்களுக்கு ஒரு வரலாறு இருப்பது ரொம்பப் பிறகுதான் தெரிந்தது.

1972இல் அமெரிக்காவில் கேத்லீன் வுடிவிஸின் ‘தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்’ வந்தது. கப்பல் தலைவன் பிராண்டன், கதாநாயகியை விலைமாது என்று நினைத்து வல்லுறவு செய்கிறான். வில்லன் இல்லைங்க, அவன்தான் ஹீரோ! கடைசியில் அவள் அவனையே காதலிக்கிறாள். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது.

அப்போ வாசகிகளுக்கு இதுதான் பிடித்ததா? ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் அவர்களிடமே போய்க் கேட்டார். ஒரு சிறுநகரப் புத்தகக்கடையின் வாடிக்கையாளர்களான 42 பெண்கள். 1984இல் அது ‘ரீடிங் தி ரொமான்ஸ்’ என்ற நூலானது. கதாநாயகிக்கு அறிவும் நகைச்சுவையும் சுதந்திரமும் வேண்டும், ஹீரோவுக்கு அறிவும் கனிவும் வேண்டும், வல்லுறவு கூடவே கூடாது என்றார்கள். தெளிவான ரெக்வயர்மென்ட். ஆனால் அவர்களுக்கு மிகப் பிடித்த நாவல்களில் வுடிவிஸின் அதே புத்தகமும் இருந்தது. அவன் ஆள் தெரியாமல் செய்துவிட்டான், உள்ளுக்குள் நல்லவன் என்று வாசித்துக்கொண்டார்கள். இதை அறியாமை என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. கடுகடுப்பான ஆணுக்குள் கனிவைத் தேடித்தேடியே வாழப் பழகியவர்களின் வாசிப்பு அது.

கனிவு முதல் பக்கத்திலேயே இருந்தால் என்ன? அந்தப் பக்கம் நகர்த்தியவர்களில் ஒருவர் விவியன் ஸ்டீபன்ஸ். கறுப்பினப் பெண், டெல் பதிப்பகத்தின் எடிட்டர். 1980 வாக்கில் அவர் கொண்டுவந்த நாவல்களில் கதாநாயகிகள் வேலைக்குப் போனார்கள், தங்களுக்கு வேண்டியதை வாய்விட்டுச் சொன்னார்கள். கறுப்பினக் காதலர்களின் கதையையும் அவர் பதிப்பித்தார். அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் உண்டு.

பிற்பாடு சங்கம் தன் விருதுக்கு அவர் பெயரையே வைத்தது. 2021இல், கொடுத்த முதல் வருஷமே சிக்கல். பரிசு பெற்ற ஒரு நாவலின் கதாநாயகி டாக்டர், யாருக்கும் அடங்காதவள். ஹீரோ கண்ணியமானவன், மனம் வருந்துகிறவன். எதற்கு வருந்துகிறான்? 1890இல் வூண்டட் நீயில் 200க்கும் மேற்பட்ட லக்கோட்டா மக்களைக் கொன்ற படையில் அவனும் இருந்தான்.

எதிர்ப்பு கிளம்பியது. சங்கம் விருதைத் திரும்பப் பெற்றது. வாசகிகள் கேட்ட எல்லாமே அந்த நாவலில் இருந்தது, டிக் அடித்துவிடலாம். என்ன, இந்த முறை லக்கோட்டா மக்களும் வாசகர்களில் இருந்தார்கள்.