பொருநையும் ஒன்பது மலர்களும்

தென்பாண்டி நாட்டிற்குத் திருவருள் வழங்கிய செல்வங்களுள் தலையாயது பொருநை நதி. வடமொழியாளர் இதனைத் தாமிரபரணி என்றனர். தண்பொருநை என்பது பழந்தமிழ் வழக்கு. இராமாயணமும் மாபாரதமும் இந்நதியைப் பெயர் சுட்டிக் கூறுகின்றன. காளிதாசர் தம் இரகுவமிசத்தில் இந்நதி கடலொடு கலக்கும் இடத்து முத்துகளைப் பேசுகின்றார். கங்கை 2,500 கிலோமீட்டர் ஓடுவது. பொருநையின் நீளமோ ஏறத்தாழ 128 கிலோமீட்டரே. அளவிற் சிறிய இந்நதி இத்துணைப் பெருமை எய்தியது எவ்வாறு? இலத்தூர் மதுநாதப் பெருமான் திருமுன் கூடும் அன்பர்கள் இவ்வினாவைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும். இலத்தூரின் நீரும் பொருநையின் நீரேயாதலின்.

பொருநை பிறப்பது பொதிய மலையில். 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர் முடியைச் சூழ்ந்த அடர்கானகமே இதன் தாயகம். பாபநாசத்தில் சமவெளி கண்டு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு முதலியவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. தோன்றுமிடமும் தமிழகம், முடியுமிடமும் தமிழகம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இதற்கு நீர் வார்க்கின்றன. ஆகவேதான் நெல்லைச் சீமையில் கார், பிசானம் என இருபோகம் விளைந்தது.

இனி, இந்நதியைப் பற்றிய சைவ மரபு ஒன்றைக் காண்போம். அகத்தியரின் மாணாக்கரான உரோமச முனிவர் சிவதரிசனம் வேண்டித் தம் ஆசிரியரைப் பணிந்தார். ஒன்பது மலர்களைப் பொருநையில் விடுக. அவை எவ்வெவ்விடத்தே கரை சேருமோ அவ்வவ்விடத்தே சிவபெருமானை வழிபடுக என்றார் குறுமுனிவர். மலர்கள் ஒதுங்கிய பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, இராஜபதி, சேர்ந்தபூமங்கலம் ஆகிய ஒன்பதும் நவகைலாயங்கள் ஆயின. இறுதி மலர் சேர்ந்த ஊர் அதனைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது.

இவ்வரலாற்றைத் தலப்பெருமை என்று மட்டும் கேட்டு அமைதல் போதாது. மேலே இட்டது கீழே சென்று சேரும் என்பதே இதனுள் உறையும் உண்மை. மலையடியில் முனிவர் இட்ட மலர், கடலருகே வாழ்பவனுக்குத் திருக்கோயிலாயிற்று. ஒரு நதி பல ஊர்களை ஒரு குடும்பமாக்கும் என்பதை நம் முன்னோர் மலர்களைக் கொண்டு உணர்த்தினர்.

அவ்வுணர்வே நாட்டின் வாழ்விலும் செயற்பட்டது. பொருநையின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழு அணைக்கட்டுகளைப் பண்டையோர் அமைத்தனர். எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. இவ்வணைக்கட்டுகள் ஆற்றை முற்றும் மறிப்பன அல்ல. வேண்டும் நீரைக் கால்வாயில் திருப்பி, எஞ்சியதைக் கீழூர்க்கு வழிந்தோட விடுவன. மேலே உள்ளவன் தன் பங்கைக் கொண்டு, கீழே உள்ளவன் பங்கை விட்டு வைத்தான். இதுவும் சிவபூசையே என்போம்.

இக்கரையின் தொன்மைக்குச் சான்று பல. ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளை 1876ஆம் ஆண்டில் ஜெர்மானியரான யாகோர் உலகிற்குக் காட்டினார். சிவகளையில் தாழியினின்று கிடைத்த நெல்மணிகள் கி.மு. 1155ஐச் சேர்ந்தவை என்னும் ஆய்வு முடிவு 2021இல் வெளியிடப்பட்டது. முத்துக்குப் பெயர் பெற்ற பாண்டியர் துறைமுகமாம் கொற்கையை யவன நூலோரும் குறித்தனர். ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் விலக, கொற்கை இன்று உள்நாட்டுச் சிற்றூராய் விளங்குகின்றது. நதி இட்டதைக் கீழ்த்திசை ஏற்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இலத்தூரின் நிலையை இப்போது நோக்குவோம். மேக்கரை மலைப்பகுதியினின்று இழியும் அனுமன் நதி இவ்வட்டாரத்தை நனைத்துச் சென்று, வீரகேரளம்புதூர் அருகே சிற்றாற்றொடு கூடுகின்றது. திருக்குற்றாலத்தில் அருவியாய் வீழ்ந்து, தென்காசி வழியாக வரும் சிற்றாறு, சீவலப்பேரியில் பொருநையை அடைகின்றது. அதற்குக் கீழே உள்ளவை முறப்பநாடு தொடங்கிச் சேர்ந்தபூமங்கலம் ஈறாக ஐந்து கைலாயங்கள். ஆகவே, நம் ஊர் வாய்க்காலின் நீர் ஐந்து கைலாயங்களைத் தொட்டுச் செல்வது. அவ்வூர்களின் தீர்த்தத்தில் நம் பங்கும் உண்டு.

அப்பங்கு மலராக இருக்கின்றதா, மாசாக இருக்கின்றதா? இதுவே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. பாபநாசத்தில் நீராடுவோர் உடுத்த ஆடையை ஆற்றிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் பெருகியுள்ளது. பாவம் தொலையும் என்று கருதி விடும் அத்துணிகள் படித்துறையிலும் பாறையிலும் சிக்கி மக்குகின்றன. மீனுக்கும் நீருக்கும் கேடாகின்றன. கரையோர ஊர்களின் கழிவுநீரும் ஆங்காங்கே ஆற்றில் கலக்கின்றது. உரோமசர் விட்டது மலர். நாம் விடுவதோ அழுக்கு. தன் பாவத்தைக் கழுவ வந்தவன் பிறர் குடிநீரைக் கெடுப்பானாயின், பழைய பாவத்தின் மேல் புதியதொன்றை ஏற்றிக்கொண்டவனே ஆவான்.

சிற்றாற்றின் வடகரையில் தென்காசித் திருக்கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், இத்திருப்பணியைப் பிற்காலத்தே பழுது நீக்கிக் காப்போரின் பாதங்களை வணங்குவதாகக் கல்வெட்டிலே பொறித்துச் சென்றான். முடிசூடிய மன்னன், தான் காணாத மக்களின் அடியில் தலைவைத்தான். கட்டுதலினும் காத்தல் பெரிது என்பதை அவன் அறிந்திருந்தான்.

கோயிலுக்கு உரிய அவ்வணக்கம் நதிக்கும் உரியதே. விழாக் காலத்தில் எச்சில் இலையும் நெகிழிப் பையும் வாய்க்காலில் சேராது காப்பவர், பழந்துணியை நீரில் விடாது கரையேற்றுபவர், நீர்வழியை ஆக்கிரமிக்காது விடுபவர் ஆகியோரெல்லாம் அம்மன்னனின் வணக்கத்திற்கு உரியர். மதுநாதப் பெருமான் திருவருளால், இவ்வூரினின்று செல்லும் நீர் கீழ்க்கரைக் கைலாயங்களுக்குத் தூய தீர்த்தமாகவே சென்று சேர்வதாகுக.