தபாலில் ஓர் அரங்கேற்றம்

தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பாயிரம் கூறும். அதனைக் கற்பிக்கும்போதெல்லாம், நேயர்களே, எனக்கு ஓர் அமெரிக்கச் சஞ்சிகை நினைவுக்கு வரும்.

1963 இல் பிலிப்ஸ் கம்பனி அறிமுகஞ் செய்த கசெற்றிலே நான்கு தடங்களிற் பதியும் சிறு கருவியொன்றை, ஜப்பானிய ரஸ்காம் நிறுவனம் 1979 இல் விற்பனைக்கு விட்டது. முதலில் கிற்றார், அதைக் கேட்டவாறே அடுத்த தடத்தில் தாளம், பின்னர் குரல். வீட்டு அறையிலே ஒருவரே வாத்தியக் குழுவாகிவிடலாம். நாடா இருமடங்கு வேகத்தில் ஓடியதால் ஒலியும் தெளிந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் 1982 இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' இவ்வாறு பதிந்ததே.

அவருக்குக் கம்பனி இருந்தது. பெயரற்றவர்களோ, வொஷிங்ரன் மாநிலத்து ஒலிம்பியாவிலிருந்து வெளிவந்த 'ஒப்' சஞ்சிகைக்குத் தம் கசெற்றுகளை அனுப்பினர். அது சிறு மதிப்புரையோடு ஆக்கியோனின் முகவரியையும் அச்சிட்டது. என் மட்டில், மதிப்புரையிலும் முகவரியே பெரிது. வாசித்தவர் தமது கசெற்றை அனுப்பி மற்றவருடையதைப் பெற்றார். கூடவே அபிப்பிராயமும் கடிதமாக வந்தது. குறை சொன்னவரும் அதே நான்கு தடங்களோடு மல்லுக்கட்டியவர் என்பதால், அச்சொல்லுக்கு மதிப்பிருந்தது.

இதழுக்கோர் ஆங்கில எழுத்தாக வந்த சஞ்சிகை, 26 எழுத்தும் முடிய 1984 இல் நின்றது. முகவரிகள் கையிலிருந்தன, கசெற்றுகள் தொடர்ந்தும் தபாலேறின.