சத்திர சிகிச்சைக்குப் பின் குருதிக்கட்டி: ஒரு வரலாற்று நோக்கு

சத்திர சிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வெற்றிகளைச் சிறப்பித்துக் கூறுவர். 1846ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே பொஸ்ரன் நகர வைத்தியசாலை ஒன்றில், ஈதர் ஆவியை முகரச் செய்து நோவின்றி அறுக்கலாம் என்று காட்டப்பட்டமை ஒன்று. 1867ஆம் ஆண்டிலே யோசேப்பு லிஸ்ரர், காபோலிக் அமிலத்தைக் கொண்டு புண் அழுகுதலைத் தடுக்கும் முறையை வெளியிட்டமை மற்றொன்று. நோவும் அழுகலும் அடங்கவே, அதுவரை எவரும் தொடத் துணியாத வயிற்றறையையும் பிற உள்ளுறுப்புக்களையும் வைத்தியர்கள் துணிந்து திறக்கலாயினர். ஆயின், இவ்விரு பகைகளுக்கும் பின்னாலே மூன்றாவது பகை ஒன்று மறைந்து நின்றது. புண் நன்கு ஆறிவிடும், காய்ச்சலும் இராது, நோயாளி இன்னும் சில நாளில் வீடு செல்லலாம் என்று மகிழ்ந்திருப்பார். ஒருநாட் காலையிலே படுக்கையை விட்டு எழ முயலும்போது மூச்சுத் திணறி, மார்பைப் பற்றிக்கொண்டு, சில நிமிடங்களுள் உயிர் துறப்பார். செம்மையாகச் செய்யப்பட்ட சிகிச்சை இவ்வாறு முடிவது ஏன் என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. அது விளங்கிய வரலாறும், விளங்கிய பின்னரும் அதனைத் தடுக்கும் வழி கைகூட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆன வரலாறும் அறியத்தக்கன.

இவ்விடயத்தில் முதல் ஒளி பேர்லின் நகரிலிருந்து வந்தது. அங்குள்ள சரித்தே வைத்தியசாலையின் பிணவறையிலே, 1846ஆம் ஆண்டளவில், ருடோல்ப் விர்ச்சோ என்னும் இளம் வைத்தியர் பணியாற்றினார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்தைந்து. இறந்தோரின் நுரையீரல் நாடியிலே உறைந்த குருதி அடைத்திருப்பதை அவருக்கு முன்னிருந்தோரும் கண்டிருந்தனர். ஆயினும், அஃது அவ்விடத்திலேயே தோன்றியது என்பது பலருடைய கருத்தாக இருந்தது. விர்ச்சோவோ, நுரையீரலிற் கட்டி காணப்பட்டபோதெல்லாம் கால் முதலிய உறுப்புக்களின் நாளங்களையும் திறந்து பார்த்தார். அங்கேயும் கட்டிகள் இருந்தன. இறப்பதற்கு முன்பு காலிலே தோன்றிய கட்டியின் ஒரு துண்டு பிரிந்து, குருதியோட்டத்தோடு இதயத்தை அடைந்து, அதனைக் கடந்து நுரையீரலுக்குச் செல்லும் நாடியை அடைத்துவிடுகின்றது என்று அவர் முடிவு செய்தார். நாய்களின் கழுத்து நாளத்திலே இறப்பர் போன்ற சிறு துண்டுகளைச் செலுத்தி, அவை நுரையீரலிற் சென்று தங்குவதைக் கண்டு தம் முடிவை உறுதிப்படுத்தினார். குருதி ஓட்டமுடையது என்று 1628ஆம் ஆண்டிலே வில்லியம் ஹார்வி நிலைநாட்டிய உண்மை, இவ்வாறு ஒரு சாவின் காரணத்தைத் துலக்கியது.

குழாயினுள்ளே குருதி உறைவதற்குக் காரணம் யாது என்ற வினாவையும் விர்ச்சோ ஆராய்ந்தார். அவர் ஆய்வின் வழிவந்தோர் மூன்று காரணங்களை வகுத்து, அவற்றுக்கு அவருடைய பெயரையே இட்டு வழங்கினர். குருதியோட்டம் தளர்தல், குருதிக்குழாயின் சுவர் ஊறுபடுதல், குருதியின் உறையும் இயல்பு மிகுதல் என்பனவே அவை. சத்திர சிகிச்சையிலே இம்மூன்றும் ஒருங்கு கூடுகின்றன. மயக்க நிலையிலும் அதன் பின்னரும் உடல் அசைவற்றுக் கிடக்கின்றது. கத்தி குழாய்களை ஊறுபடுத்துகின்றது. காயமுற்ற உடலோ குருதி வீணே வழிந்துபோகாவண்ணம் அதன் உறையும் தன்மையைப் பெருக்குகின்றது. குருதி உறையாதாயின் எந்த அறுவையும் உயிர்கொல்லும் அறுவையாகவே முடியும். உயிரைக் காக்கும் அவ்வாற்றலே இடமும் அளவும் தவறியவிடத்து உயிரை வாங்குகின்றது.

காரணம் தெரிந்த பின்னரும் வைத்தியசாலைகளின் வழக்கம் மாறவில்லை. அக்காலத்து வைத்தியருக்கு ஓய்வே பெருமருந்து. இலண்டன் நகரத்து ஜோன் ஹில்ற்றன் என்னும் சத்திர வைத்தியர், ஓய்வின் குணமாக்கும் வன்மையைப் பற்றி ஆற்றிய விரிவுரைகள் 1863ஆம் ஆண்டிலே நூலாக வெளிவந்து பல தலைமுறை மாணவர்களாற் கற்கப்பட்டன. ஊறுபட்ட உறுப்புக்கு ஓய்வு வேண்டும் என்பது மெய்யே. ஆனால் அவ்வுண்மை எல்லை கடந்து, வயிற்றிற் சிகிச்சை பெற்றவர் இரண்டு மூன்று வாரங்கள் மல்லாந்து கிடக்கவேண்டும் என்ற கட்டளையாக வளர்ந்தது. மனிதன் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி, நாளத்துக் குருதியை மேல்நோக்கிச் செலுத்துகின்றன. தசை அசையாவிடின் குருதி தேங்கும். ஆகவே, விர்ச்சோ வழி அறியப்பட்ட காரணங்களுள் முதலாவதனை, நோயாளியின் நலம் கருதி இயற்றப்பட்ட விதியே நாள்தோறும் உண்டாக்கி வந்தது.

1899ஆம் ஆண்டிலே சிக்காகோவைச் சேர்ந்த எமில் றீஸ் என்பவர், வயிற்றறையைத் திறந்து சிகிச்சை செய்யப்பட்ட பெண்களைச் சில நாட்களுள் எழுந்து நடமாடச் செய்யலாம் என்று எழுதினார். அவர் கூற்றுக்கு அன்று ஆதரவு மிகவில்லை. தையல் பிரிந்துவிடும் என்ற அச்சமே மேலோங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே கட்டில்களுக்கும் தாதியருக்கும் பஞ்சம் உண்டாகவே, நோயாளிகளை விரைவில் எழுப்புதல் இன்றியமையாததாயிற்று. எழுப்பப்பட்டோரின் தையல்கள் பிரியவில்லை. 1947ஆம் ஆண்டிலே இலண்டன் வைத்தியர் றிச்சாட் ஆஷர், படுக்கையிற் கிடத்தலின் கேடுகளை உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டிப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை பலருடைய எண்ணத்தை மாற்றியது. றீஸ் கூறியது பொதுவழக்கமாவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது.

இதற்கிடையே வேறொரு முயற்சி நடந்தது. நுரையீரல் நாடியை அடைத்த கட்டியை மார்பைத் திறந்து எடுத்துவிடலாம் என்று லைப்சிக் நகரத்துப் பேராசிரியர் பிரெடறிக் திரெண்டலன்பூர்க் கருதினார். 1908ஆம் ஆண்டிலே அம்முறையை அவர் வெளியிட்டார். அவர் கைப்பட்ட நோயாளிகளுள் ஒருவரும் உயிர் பிழைத்து வீடு திரும்பவில்லை. 1924ஆம் ஆண்டிலே மார்ட்டின் கிர்ஷ்னர் என்பவர், கோனிக்ஸ்பேர்க் நகரிலே, அம்முறையாலே முதன்முதலாக ஓர் உயிரைக் காத்தார். அவ்வாண்டின் இறுதியில் மறைந்த திரெண்டலன்பூர்க், தம் கருத்து வெற்றிபெற்றதைக் கண்டே கண்மூடினார். ஆயினும் அத்தகைய வெற்றிகள் மிக அரியன. சாவின் வாயிலில் நிற்பவரை நிமிடக் கணக்கிலே மீட்கும் அச்சிகிச்சை எல்லா வைத்தியசாலைகளிலும் நிகழக்கூடியதன்று.

அத்தகைய தோல்வி ஒன்றிலிருந்து பெரும் பயன் ஒன்றும் விளைந்தது. 1930ஆம், 1931ஆம் ஆண்டுகளிலே ஜோன் கிபன் என்னும் இளம் வைத்தியர் பொஸ்ரனில் ஆய்வுப் பணியில் இருந்தார். பித்தப்பைச் சிகிச்சைக்குப் பின் நுரையீரல் நாடி அடைபட்ட பெண் ஒருத்தியின் கட்டிலருகே இரவு முழுவதும் அமர்ந்து, அவளது நாடித்துடிப்பையும் குருதியமுக்கத்தையும் குறித்துக்கொண்டிருத்தல் அவருக்கு இடப்பட்ட கடமை. காலையில் நிலை மோசமாகவே மார்பு திறக்கப்பட்டுக் கட்டிகள் விரைவாக எடுக்கப்பட்டன. எனினும் அவள் பிழைக்கவில்லை. கறுத்துச் செல்லும் அக்குருதியை உடலுக்கு வெளியே எடுத்து, ஒட்சிசன் ஊட்டித் திருப்பிச் செலுத்தக்கூடுமாயின் அவள் பிழைத்திருப்பாளே என்ற எண்ணம் அவ்விரவிலே கிபனுக்கு உதித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1953ஆம் ஆண்டு மே மாதத்திலே பிலடெல்பியாவில், இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு ஓர் இளம்பெண்ணின் இதயத்திலிருந்த துளையை அவர் அடைத்தார். இன்றைய இதயச் சத்திர சிகிச்சை முழுவதற்கும் அவ்விரவுக் காவல் ஒரு தொடக்கமாயிற்று.

கட்டி உண்டானபின் அதனோடு போராடுவதிலும், அது வளராமற் செய்தல் எளிது. அதற்கு வேண்டிய மருந்துகள் எதிர்பாராத இடங்களிலிருந்து கிடைத்தன. 1916ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர் ஜே மக்லீன், குருதியை உறையச் செய்யும் பொருளைத் தேடுகையிலே, உறையாமற் செய்யும் பொருளைக் கண்டார். ஆசிரியர் வில்லியம் ஹௌவெல் ஆய்வைத் தொடர்ந்து, ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் ஹெப்பாரின் என்ற பெயரை 1918ஆம் ஆண்டிலே வழங்கினார். இன்சுலின் ஆய்வாற் புகழ்பெற்ற சார்ள்ஸ் பெஸ்ற் முதலியோர் ரொறன்ரோவில் அதனைத் தூய்மைப்படுத்தினர். 1935ஆம் ஆண்டு முதலாக அது மனிதருக்குப் பயன்படலாயிற்று. மற்றொரு மருந்தின் கதை மாட்டுத் தொழுவத்திலே தொடங்கியது. வட அமெரிக்காவிலே பூஞ்சணம் பிடித்த குளோவர் என்னும் தீவனத்தைத் தின்ற மாடுகள் உள்ளே குருதி கசிந்து மாண்டன. 1933ஆம் ஆண்டு மாரிகாலத்திலே ஒரு கமக்காரர், இறந்த கன்றையும் பாற்பாத்திரம் நிறைந்த உறையாத குருதியையும் பழுதுற்ற வைக்கோலையும் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே கார்ள் லிங்க் என்பாரும் மாணவரும் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, 1940ஆம் ஆண்டளவில் டைக்கூமறோல் என்னும் பொருளை இனங்கண்டனர். அதன் வழிவந்த வார்பறின், 1948ஆம் ஆண்டிலே எலி நஞ்சாக விற்பனைக்கு வந்து, 1954ஆம் ஆண்டு முதல் மனிதருக்கு மருந்தாயிற்று.

மருந்து இருப்பினும், அது மெய்யாகவே உயிர் காக்கின்றதா என்பதை ஒப்பிட்டுப் பார்த்தே துணிதல் வேண்டும். 1960ஆம் ஆண்டிலே பிறிஸ்ரல் நகரத்துப் பரிற், ஜோர்டன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு அளவிற் சிறியது, பயனிற் பெரியது. நுரையீரல் நாடி அடைப்புக்கு உள்ளானோருள் உறைவெதிர் மருந்து பெறாத 19 பேரில் ஐவர் அந்நோயால் இறந்தனர். மேலும் ஐவருக்கு அடைப்பு மீண்டும் நேர்ந்தது. மருந்து பெற்ற 16 பேரில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. அதன்பின் மருந்தை மறுத்து ஒப்பிடுதல் அறமன்று என்று கருதப்பட்டது.

எனினும், நோயை இனங்காணாவிடின் மருந்தாற் பயனில்லை. இங்கேதான் வைத்தியம் பன்முறை ஏமாந்தது. பொஸ்ரனைச் சேர்ந்த ஜோன் ஹோமன்ஸ், பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது கெண்டைக்காலில் நோவு தோன்றுதலை ஓர் அடையாளமாக 1940களிற் கூறினார். மாணவர் பலர் அதனை மனனஞ் செய்தனர். ஆனால் கட்டி உள்ள பலரிடத்தே அவ்வடையாளம் இல்லை. கட்டியில்லாத பலரிடத்தே அஃது உண்டு. 1960களின் இறுதியிலே, கதிரியக்க அயடீன் சேர்த்த குருதிப் புரதத்தைச் செலுத்திக் கால்களை அளந்த இலண்டன் வைத்தியர் கக்காரும் அவர் துணைவரும் வியத்தகு உண்மையைக் கண்டனர். சத்திர சிகிச்சை பெற்றோருள் ஏறக்குறைய பத்தில் மூவருக்குக் காலிலே கட்டி தோன்றியது. அவர்களுள்ளும் பாதியளவினரிடத்தே வெளி அடையாளம் எதுவும் இல்லை. அவற்றுட் பல தாமே கரைந்தன; சில மேல்நோக்கி வளர்ந்தன. பகைவன் பெரும்பாலும் ஓசையின்றியே வருகிறான் என்பது அதனாற் பெறப்பட்டது.

எனவே, அடையாளம் தோன்றும் வரை காத்திராது, முன்கூட்டியே காத்தல் வேண்டும் என்ற கொள்கை வலுத்தது. 1975ஆம் ஆண்டிலே கக்கார் தலைமையிற் பல வைத்தியசாலைகளில் நிகழ்ந்த ஆய்வு 4121 நோயாளிகளை உள்ளடக்கியது. மருந்து பெறாத பகுதியிலே 16 பேர் நுரையீரல் அடைப்பினால் இறந்தனர். சிறிய அளவில் ஹெப்பாரின் பெற்ற பகுதியிலே இருவரே இறந்தனர். அதன் பின்னர், ஒவ்வொருவருடைய வயது, சிகிச்சையின் தன்மை, புற்றுநோய், முன் நேர்ந்த கட்டி முதலியவற்றை எண்ணி, அபாயத்துக்கேற்பக் காப்பளித்தல் வழக்கமாயிற்று. மருந்து மிகின் குருதி கசியும், குறையின் உறையும். இரண்டுக்கும் இடையே அளவறிந்து நிற்றலே வைத்தியரின் திறமை. ஐயம் நேர்ந்தவிடத்து, அறிகுறிகளை எண்ணி மதிப்பிட்டு, குருதிச் சோதனையும் மீயொலிப் படமும் கதிர்ப்படமும் கொண்டு துணியும் முறை 1990களில் ஒழுங்குபெற்றது. 2008ஆம் ஆண்டு முதலாக, இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சைகளின் பின் உட்கொள்ளும் புதிய மாத்திரைகளும் வழக்குக்கு வந்தன.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டென்று உரைக்கின்றது. மேற்கூறிய வரலாறு பெரும்பாலும் தீர்ப்பவரையும் மருந்தையும் பற்றியது. இன்றைய நோயாளியோ சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். அபாயம் பல வாரங்கள் அவரைப் பின்தொடர்கின்றது. ஆதலாற் காவற்பணி மற்றை இருவர் கைக்கும் வந்துள்ளது. ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டைக்காலில் நோவும் வெப்பமும் தோன்றுதல் ஆகியவற்றை அசட்டை செய்தல் ஆகாது; அன்றே வைத்தியருக்குக் காட்டல் வேண்டும். எண்ணெய் பூசி உருவுதல் கட்டியை இடம்பெயர்க்கக்கூடும். திடீரென மூச்சு முட்டுதல், மூச்சிழுக்கையில் மார்பு குத்துதல், சளியோடு குருதி வருதல், மயங்கி விழுதல் ஆகியன தோன்றின், பொழுது விடியட்டும் என்று காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அண்மையிற் செய்த சிகிச்சையை மறவாது சொல்லவும் வேண்டும். அசையாது கிடப்பதே நலம் என்று அன்பினால் தடுக்கும் உறவினர், முன்னைய வைத்தியர்கள் அறியாது செய்த தவற்றையே மீண்டும் செய்பவராவர். வைத்தியர் விதித்தபடி எழுந்து நடக்கும் நோயாளியும், அவர் காலையும் மூச்சையும் கவனித்திருக்கும் துணைவரும், கிபன் ஓரிரவு செய்த காவலைத் தம் வீட்டிலே தொடர்கின்றனர்.